மூன்றாம் கவுண்டரில் ஒரு கல்லுரல்

"டொம்!"

மூன்றாம் கவுண்டரின் கண்ணாடி அதிர்ந்தது. நம்பர் சீட்டுகள் குத்தியிருந்த கம்பி ஆடியது. பேனா உருண்டு கீழே விழுந்தது. மருந்துக்காகக் காத்திருந்த இருபது பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

கவுண்டரின் மேல் ஒரு கல்லுரல் உட்கார்ந்திருந்தது. சம்பல் இடிக்க வீட்டுக்கு வீடு வைத்திருப்பார்களே, அந்தக் கறுப்புக் கல்லுரல்தான். பக்கத்தில் அதன் குழவி. அதற்கும் பக்கத்தில் ஒரு தேன் போத்தல்.

உரலுக்குப் பின்னால், மலேசியாவின் குளுவாங் ஊர் மழையில் தொப்பலாக நனைந்து, மூச்சு வாங்க ஒரு பெண் நின்றாள்.

ரூபேந்திரன் முதலில் கல்லைத்தான் பார்த்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிமிர்ந்து அவள் கண்களையும் பார்த்துவிட்டான்... பெரிய கண்கள். இமையில் மழைத்துளி ஒன்று விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. ஐந்து வருடமாக அந்தக் கிளினிக்கில் மருந்தாளராக இருக்கிறவன், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதை முதல் தடவையாக மறந்தான்.

"அக்கா... இது என்ன?"

"உரல்."

"அது தெரியுது. எதுக்கு இங்க?"

"நேத்து போன் பண்ணி நீங்கதான சொன்னீங்க? அப்பாவுக்கு மருந்து குடுக்கிற சாமான் எல்லாம் கையோட கொண்டு வாங்கன்னு. இதுலதான் குடுக்கிறேன். கொண்டு வந்துட்டேன்." பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. "அப்புறம் இன்னொன்னு. எனக்கு இருபத்தெட்டு. உங்களப் பாத்தா முப்பது தாண்டின மாதிரிதான் இருக்கு. நான் எப்படிங்க உங்களுக்கு அக்கா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரூபேந்திரனின் காது மடல்கள் சிவந்தன. கறுப்பான ஆளுக்குக்கூட இப்படிக் காது சிவக்குமா என்று உரல்காரி கஸ்தூரிக்கு அந்தக் கோபத்திலும் ஆச்சரியமாக இருந்தது.

கோபம் அவன் மேல் மட்டும் இல்லை. இரண்டு நாளாக அவளுக்கு எல்லார் மேலும் கோபம். செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை, சாமி புண்ணியம். ஆனால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிருந்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. மருந்து கொடுக்கும் விதத்தைக் கிளினிக்கில் காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்பா வீரமுத்து, சாஆ ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டில் முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டது. தொண்டைதான் தேறவில்லை. தண்ணீர் குடித்தாலே புரையேறும். ஒரு நாள் மாத்திரை ஒன்று பாதியில் சிக்கி, அவர் முகம் நீலம் பாரித்ததைக் கஸ்தூரி பார்த்தாள். அந்த முகம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரிந்தது. கைப்பிள்ளைக்கு மருந்தை இழைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது நம் வீடுகளில் வழக்கம்தானே? அதையே அவள் அப்பாவுக்கும் செய்தாள். காலை மாத்திரை நாலையும் உரலில் போட்டு மாவாக இடித்து, தேனில் குழைத்து, நாக்கில் தடவினாள். புரையேறவில்லை. அவள் அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்திருந்தாள்.

ரூபேந்திரன் அவள் கொண்டு வந்திருந்த மாத்திரை அட்டைகளைப் புரட்டினான். ஒன்றில் அவன் கை நின்றது.

"இதையும் இடிச்சீங்களா?"

"எல்லாத்தையும்தான்."

"அலமாக், ஐயோ..." அவன் குரல் தன்னையறியாமல் உயர்ந்தது. "இது பிரஷர் மருந்து. வயித்துக்குள்ள போயி ஒரு நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா கரையணும். அதுக்குன்னே செஞ்ச மாத்திரை. நீங்க இடிச்சுக் குடுத்தா ஒரு நாள் மருந்து ஒரே நேரத்துல ரத்தத்துல இறங்கிடும். உங்க அப்பா சும்மா வழுக்கி விழலங்க. நீங்க இடிச்ச இடியிலதான் விழுந்திருக்காரு!"

இருபது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கஸ்தூரிக்குக் காது அடைத்தது. நானா... நானா அப்பாவைத் தள்ளிவிட்டேன்? கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவள் அழுகிற ஆளில்லை. அழுகை வந்தால் அவளுக்கு வாய்தான் நீளும்.

"லேபிள்லயே போட்டிருக்கு, இடிக்கக் கூடாதுன்னு. நீங்க படிக்கலையா?" என்றான் அவன்.

"படிச்சேன். முழுசா விழுங்கணும்னு போட்டிருக்கு. விழுங்கவே முடியாத மனுஷனுக்கு முழுசா விழுங்குன்னு ஒட்டிக் குடுத்தா நான் என்னங்க பண்றது? எட்டு மாசமா இந்தக் கவுண்டர்ல மருந்து வாங்குறேன். உங்கப்பாவால விழுங்க முடியுதான்னு ஒரு நாளாச்சும், ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

அவள் திரும்பி மழைக்குள் நடந்தாள். உரலை மறந்துவிட்டாள்.

ரூபேந்திரன் அந்த எரிச்சல் ஆறுவதற்குள் வீரமுத்துவின் கோப்பை எடுத்து இரண்டு வரி எழுதினான். என்ன எழுதினான் என்று பிறகு சொல்கிறேன். எழுதிய கையோடு அவனும் அதை மறந்துவிட்டான். அவள் கேட்ட கேள்வியை மட்டும் மறக்க முடியவில்லை. அன்று மதியம் நாற்பது முதியவர்களுக்கு மருந்து கொடுத்தான். நாற்பது பேரிடமும் விழுங்க முடிகிறதா என்று கேட்டான். ஏழு பேர் தலையைக் குனிந்துகொண்டு, முடியவில்லை என்றார்கள்.

ஏழு பேர்!

*

சனிக்கிழமை காலை. பாசார் சந்தையில் கஸ்தூரியின் கடையில் புட்டு ஆவி பறந்துகொண்டிருந்தது. புட்டு, இடியப்பம், கருப்பட்டிப் பால் ஊற்றிய சவ்வரிசி... எட்டரை மணிக்குள் பாதி தீர்ந்துவிடும். தகரக் கூரையில் மழை சடசடவென்று கொட்டியது.

மழைக்குள்ளிருந்து ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே ஓர் ஆள், கல்லுரலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தள்ளாடி வந்தான். கவுண்டருக்குப் பின்னால் பார்த்ததை விட உயரமாக இருந்தான்.

"உங்க... உரல்..." என்றான், மூச்சிரைக்க.

"வச்சிட்டுப் போங்கண்ணே."

"அண்ணேயா?"

"நீங்க அக்கான்னீங்களே லா... அப்ப நான் சொல்லலாம்ல?"

உரலை இறக்கி வைத்தான். போகவில்லை. ஒரு கிழவி இரண்டு பொட்டலம் புட்டு வாங்கிப் போகும் வரை ஓரமாக நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மன்னிச்சிருங்க. நீங்க இடிச்சது தப்புத்தான். ஆனா அத எல்லார் முன்னாடியும் நான் சொன்ன விதமும் தப்பு. நாங்க கேட்டிருக்கணும். கேக்கல."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாய்ப் போய்விட்டன.

"டாக்டர் ரெண்டு வாரம் தவணை குடுத்திருக்காரு," என்றாள். "அதுக்குள்ள மருந்தும் சாப்பாடும் ஒழுங்கா உள்ள போகலன்னா மூக்கு வழியா குழாய் போடணுமாம். அப்பா என்ன சொல்றாரு தெரியுமா? குழாய் போட்டா ஒரு வாய் ருசி தெரியாது, அப்புறம் நான் எதுக்கு உயிரோட இருக்கணும்ங்கிறாரு."

மழை ஓயவில்லை. அவள் கண்ணில் மட்டும் இன்னும் இறங்காமல் நின்றது.

"ரெண்டு வாரம் இருக்குல்ல," என்றான் ரூபேந்திரன். "நான் டாக்டர்கிட்ட பேசிட்டேன். நாலு மாத்திரையில ரெண்ட சிரப்பா மாத்திக்கலாம். ஒன்னு நாக்குல வச்சா தானா கரையிற மாதிரி கிடைக்குது. பிரஷர் மாத்திரை ஒன்னுதான் முழுசாப் போகணும். அதுக்கும் வழி இருக்கு. நான் வீட்டுக்கு வந்து காட்டலாமா? எனக்கு புதன், சனி மத்தியானம் லீவு."

"வீட்டுக்கு வந்து காட்டுறது உங்க வேலையா?"

"இல்ல."

அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லும்போது அவன் காது மறுபடி சிவந்தது. கஸ்தூரி குனிந்து புட்டுக் குழலைத் தேவையில்லாமல் துடைத்தாள்.

*

வழி என்று அவன் கொண்டு வந்தது ஒரு டப்பா வெள்ளை மாவு. தண்ணீரில் கலந்தால் தண்ணீர் கெட்டியாகும். தொண்டையில் சரேலென்று ஓடாமல் மெதுவாக இறங்கும், புரையேறாது. அதில் ஒரு கரண்டி எடுத்து, நடுவில் மாத்திரையை வைத்துக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். நிமிர்ந்து உட்கார வேண்டும், விழுங்கும்போது முகவாயைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். கிளினிக்கில் விழுங்கும் பயிற்சி தரும் வாசுகி அப்பாவைப் பரிசோதித்து, எவ்வளவு கெட்டி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். எல்லாம் சரிதான்.

அப்பாதான் சரியில்லை.

"என்னம்மா இது, போஸ்டர் ஒட்டுற பசையா?" முதல் கரண்டியிலேயே முகத்தைச் சுளித்தார் வீரமுத்து. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டார். விழுங்கிவிட்டது போலத் தலையை ஆட்டினார்.

புதன்கிழமை ரூபேந்திரன் மறுபடி வந்தான். அழுத்தத்தை அளந்தான். இந்தத் தடவை ஏறிக் கிடந்தது, மாத்திரைக்கு இறங்கவே இல்லை. யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தவன், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த ரோஜாத் தொட்டியில் எதையோ பார்த்துக் குனிந்தான். வெள்ளையாக... வட்டமாக... மூன்று மாத்திரைகள்.

"அங்கிள், இந்த ரோஜாவுக்கு எத்தன நாளா பிரஷர்?"

வீரமுத்து சாலையில் போன லாரியை மிகுந்த அக்கறையோடு பார்த்தார். கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடி அவள் ரூபேந்திரனைப் பார்த்தாள். அவனும் சிரித்தான். கண்ணோடு கண் ஒரு விநாடி அதிகமாகவே நின்றுவிட்டது... அடுத்த விநாடி சிரிப்பு அழுகையாக மாறியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் பத்து நாள்தான் இருக்கு. இவரு இப்படிப் பண்ணா..."

"அங்கிள்," என்றான் அவன் அப்பாவிடம். "உங்களுக்கு என்னதான் வேணும்? வாய்க்கு?"

வீரமுத்து சாலையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார். பிறகு, குழறிய குரலில், ஆனால் தெளிவாகச் சொன்னார்.

"கோப்பி ஓ. பால் இல்லாத கறுப்புக் கோப்பி. எட்டு மாசமாச்சு. தண்ணியா இருக்கு, பொரையேறும்னு ஒரு சொட்டுகூட குடுக்கல இவ."

கஸ்தூரி சட்டென்று நிமிர்ந்தாள். அவள் கண்ணில் ஏதோ மின்னியது. ரூபேந்திரனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த மாவு தண்ணியிலதான் கரையுமா?"

"இல்ல... எதுல வேணும்னாலும்..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

"கோப்பியோட சேந்தா மருந்துக்கு ஆகாதா?"

அவன் யோசித்தான். உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. போனை எடுத்து மருந்து விவரத்தைப் பார்த்தான், வாசுகிக்கு அழைத்துக் கேட்டான். அவன் அப்படிச் சரிபார்ப்பதைப் பார்க்கப் பார்க்கக் கஸ்தூரிக்கு அவன் மேல் ஒரு நம்பிக்கை வந்தது. கடைசியில் சொன்னான். "எல்லா மருந்துக்கும் இப்படிச் சொல்ல முடியாது. இவரோட இந்த மாத்திரைக்கு ஒரு கரண்டி கோப்பி ஆகும். ஆனா சரியான கெட்டி வரணும். கரண்டிய சாய்ச்சா மொத்தமா விழணும், ஒழுகக் கூடாது, கட்டியும் தட்டக் கூடாது. அதுதான் கஷ்டம். எனக்கே பாதி நேரம் வராது."

"தள்ளுங்க," என்றாள் கஸ்தூரி.

பத்து வருடமாக இடியப்ப மாவும் கருப்பட்டிப் பாகும் கிண்டிய கை அது. கோப்பியைக் கலந்தாள். ஆவி அடங்கும் வரை பொறுத்தாள். ஒரு கையால் மாவைத் தூவிக்கொண்டே மறு கையால் அடித்தாள். ஓரத்தில் தேங்கியதை வழித்து உள்ளே தள்ளினாள். நிறுத்தினாள். காத்திருந்தாள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தாள்... பளபளவென்று, ஒரு சொட்டு ஒழுகாமல், மொத்தமாக விழுந்தது.

ரூபேந்திரன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். கோப்பியைப் பார்த்தானா, அதைக் கிண்டிய வளையல் கையைப் பார்த்தானா என்று என்னைக் கேட்காதீர்கள்.

"ஈ போயிடப் போகுதுண்ணே," என்றாள் அவள்.

"அண்ணேன்னு கூப்பிடாதீங்க."

"வேற எப்படிக் கூப்பிடறது?"

"ரூபன்னு... எங்க வீட்ல அப்படித்தான்."

"ஓ," என்றாள். மாத்திரை அட்டையை எடுத்துப் பிரித்தாள்.

கரண்டியின் நடுவில் மாத்திரையை வைத்து அப்பாவின் உதட்டருகே கொண்டு போனாள். கரண்டி லேசாகச் சாய்ந்தது. ரூபன் பின்னாலிருந்து கரண்டிக் காம்பின் நுனியை மெல்லப் பிடித்துக்கொண்டான். விரல் விரலில் பட்டது. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மாத்திரை விழுந்துவிடும் அல்லவா?

அப்பா முகவாயைத் தாழ்த்தினார். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் வருமோ என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

வீரமுத்து கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணின் ஓரம் ஈரமாகிவிட்டது.

"கோப்பி," என்றார். "இன்னொரு கரண்டி குடும்மா."

*

அடுத்த பத்து நாளும் ஒரு மாத்திரைகூட ரோஜாவுக்குப் போகவில்லை. அழுத்தம் ஒரு நிலைக்கு வந்தது. புதன், சனி தவிர வியாழக்கிழமையும் ரூபன் வந்தான். என்ன காரணம் என்று கேட்டால், அந்தப் பக்கமாக வந்தேன் என்றான். அவன் வீடு ஊரின் அந்தக் கோடி. பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அக்கா, கஸ்தூரி பாசாருக்குப் போகும்போது அப்பாவுக்குத் துணை இருப்பவர், இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரசித்துக்கொண்டிருந்தார்.

கஸ்தூரி கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடியது. எதற்கு இந்த அலங்காரம்... மருந்துக்காரர் மருந்துக்குத்தானே வருகிறார் என்று தன்னையே கடிந்துகொள்வாள். கடிந்துகொண்டே பொட்டைச் சரி செய்வாள்.

தவணை நாள் வந்தது. டாக்டர் அப்பாவை நிறுத்துப் பார்த்தார், அழுத்தம் பார்த்தார், ஒரு கரண்டி விழுங்கச் சொல்லிப் பார்த்தார். சிரித்தார்.

"குழாய் வேண்டாம். நீங்கள் செய்வதையே செய்யுங்கள்."

கஸ்தூரிக்குப் பறக்க வேண்டும் போல இருந்தது. அவரது மருத்துவக் கோப்பைக் கொடுத்து மருந்துக் கவுண்டரில் சேர்க்கச் சொன்னார்கள். அப்பாவை வாசலருகே உட்கார வைத்தாள். மூன்றாம் கவுண்டர்! அவனிடம் முதலில் சொல்ல வேண்டும்... ஓட்டமும் நடையுமாகப் போனவளின் கையில் கோப்பு விரிந்துகொண்டது. ரூபனின் கையெழுத்து. அவனுடைய மருந்துச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

மலாயில் இரண்டு வரி. "பெஞ்சாகா தீடாக் செக்காப்." கவனித்துக்கொள்பவர் திறமையற்றவர். நோயாளியை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பற்றிப் பரிசீலிக்கவும்.

கீழே அவன் கையொப்பம்.

நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அந்தக் கவுண்டர், அந்த நாற்காலிகள், எல்லாம் சுற்றின. அப்படியென்றால்... புதனும் சனியும் அவன் வந்தது இதற்குத்தானா? இவள் லாயக்கா, இல்லையா என்று பார்க்கவா? அப்பாவை இல்லத்துக்கு அனுப்ப ஆதாரம் சேர்க்கவா? கரண்டியில் விரல் பட்டது... வியாழக்கிழமை வந்தது... எல்லாம் இந்த இரண்டு வரிக்காகவா?

"கஸ்தூரி! டாக்டர் என்ன சொன்னாரு?" கண்ணாடிக்குப் பின்னால் ஆவலாக எழுந்தான் ரூபன்.

அவள் கோப்பைத் திறந்தபடியே அவன் முன் வைத்தாள். அவன் பார்த்தான். முகம் வெளுத்தது.

"இது... அன்னிக்கு எழுதினது. அந்தக் கோவத்துல. நானே மறந்துட்டேன்..."

"நீங்க மறந்துட்டீங்க. கோப்பு மறக்காதுல்ல? நாளைக்கு எவனாச்சும் இதப் படிச்சிட்டு எங்கப்பாவ இல்லத்துக்கு அனுப்பச் சொன்னா?" குரல் உடைந்தது. "எட்டு மாசம் ராத்திரி பகலா பாத்த எனக்கு நீங்க போட்ட மார்க்கு இதானா? அப்பா நல்லா விழுங்குறாரு. இனிமே நீங்க வீட்டுக்கு வர வேணாம்."

வெளியே மழை இல்லை. கன்னம் நனைந்ததற்கு மழையைக் காரணம் சொல்லக்கூட அன்று வழியில்லை.

*

மூன்று வாரம். அவன் அனுப்பிய செய்திகளை அவள் திறக்கவில்லை. பாசாருக்கு ஒரு சனிக்கிழமை வந்தான். பத்து பேர் வரிசையில் நிற்கும் நேரமாகப் பார்த்து அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவன் புட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே கோப்பியில் மாவைக் கட்டி தட்டவிட்டாள். அவள் கைக்கு அது நடந்ததே இல்லை.

அப்பா கரண்டியைப் பார்த்துத் தலையைத் திருப்பினார்.

"உள்ள போகாது. அந்தத் தம்பி வந்து பாக்கட்டும்."

"இப்பத்தானப்பா கஞ்சி ரெண்டு கிண்ணம் சாப்பிட்டீங்க?"

"கஞ்சி போகும். மாத்திரை போகாது," என்றார் வீரமுத்து, டிராக்டரை நடு ரோட்டில் நிறுத்தியவர் போல. அவள் முறைத்தாள். வேறு கோப்பி கலந்தாள். அவர் விழுங்கினார், ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

மாத மருந்து வாங்கும் நாள் வந்தது. அதைத் தள்ளிப் போட முடியாது. வேறு கவுண்டர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சீட்டு எடுத்தாள். சாமி காது கொடுக்கவில்லை. மூன்றாம் கவுண்டர் என்று பலகையில் சிவப்பு எழுத்து ஓடியது.

குனிந்த தலையோடு போனாள். நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது அவன் இல்லை. கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த புதிய அறிவிப்பு. மலாய், சீனம், தமிழ்.

"மாத்திரை விழுங்கச் சிரமமா? எங்களிடம் சொல்லுங்கள். வேறு வழி உண்டு. நீங்களாக இடிக்க வேண்டாம்."

கீழே ஒரு படம். கறுப்புக் கல்லுரல். அதன் ஓரத்தில், போன தீபாவளிக்கு அவள் கை தவறிப் போட்டு உடைந்த சில்லுகூட அப்படியே தெரிந்தது. அவளுடைய உரல்!

"இது..." என்றாள், கோபப்பட மறந்து.

"உங்களுக்குத் திருப்பிக் குடுக்கிறதுக்கு முன்னாடியே படம் எடுத்து வச்சுட்டேன்," என்றான் ரூபன். இளைத்திருந்தான். "ஏன்னு அப்ப தெரியல. உரலோட சொந்தக்காரி படம் என்கிட்ட இல்ல... அதனாலயா இருக்கும்."

அவள் மருந்துச் சீட்டை நீட்டினாள். காது மட்டும், இந்தத் தடவை அவளுடையது, சிவந்தது.

"உங்க கேள்விய இப்ப இங்க எல்லாருகிட்டயும் கேக்குறோம். போன மாசம் முப்பத்தொரு பேருக்கு மருந்த மாத்தியிருக்கோம்." கோப்பை எடுத்து அவள் பக்கம் திருப்பினான். "கோப்புல எழுதினத அழிக்க முடியாது, கஸ்தூரி. சட்டம் அப்படி. கீழ எழுதத்தான் முடியும். எழுதியிருக்கேன். டாக்டர்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்கேன். நீங்க கோச்சுக்கிட்டுப் போன அன்னிக்கே."

அந்த இரண்டு வரிகளுக்குக் கீழே, அரைப் பக்கம். முந்தைய குறிப்பு விசாரிக்காமல் எழுதப்பட்டது, அதை எழுதியவரின் தவறு. கவனித்துக்கொள்பவர் மிகத் திறமையானவர். சரியான கெட்டி காண்பதில் ஊழியர்களை விடத் தேர்ந்தவர். நோயாளி வீட்டிலேயே, மகளின் கவனிப்பிலேயே இருக்க வேண்டும்.

எழுத்துகள் கலங்கின. அவள் பெயரை அவன் முழுதாக, தெளிவாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதியிருந்தான்.

"இன்னொன்னு பாக்கி இருக்கு," என்றான். எழுந்து நின்றான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கதவைத் திறந்து வெளியே வந்தான். குரலை உயர்த்தினான். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்களச் சத்தம் போட்டேன். அதனால இதையும் எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும். தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க."

காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு மலாய்க்கார மக்சிக் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. "சூடா லா, அடெக்..." என்று, போதும் தங்கச்சி, மன்னிச்சு விட்டுடு என்பது போலக் கையை ஆட்டினார்.

கஸ்தூரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மருந்துப் பையை வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே நடந்தாள். வாசலில் மழை பிடித்துக்கொண்டது. நின்றாள். அவன் பின்னால் வருவான் என்று அவளுக்குத் தெரியும்.

வந்தான். இந்தத் தடவை குரல் அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில்தான் இருந்தது.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு, கஸ்தூரி. அப்பாவுக்காக வந்ததா சொல்லிக்கிட்டேன்... புதனும் சனியும் அவருக்காகத்தான். வியாழக்கிழமை எனக்காக வந்தேன். வேணாம்னா சொல்லிடுங்க, தொந்தரவு பண்ண மாட்டேன். ஆனா மருந்து மட்டும் மூணாம் கவுண்டர்லயே வாங்குங்க."

மழை கொட்டியது. அவள் கையை நீட்டி அதைப் பிடித்தாள். உள்ளங்கையில் நிறைந்து வழிந்தது. என்ன சொல்வது... நெஞ்சில் மூன்று வாரமாகச் சிக்கிக்கொண்டிருந்தது என்னவென்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள், மழையைப் பார்த்துக்கொண்டே. "அந்தக் கோப்பப் படிச்சப்ப அப்படி வலிச்சுதே... வேற யாரு எழுதியிருந்தாலும் அவ்வளவு வலிச்சிருக்காது. அப்பவே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் மூணு வாரம்..."

"வீம்பு. எங்கப்பா பொண்ணுதான நான்."

கைப்பேசி ஒலித்தது. புஷ்பவள்ளி அக்கா. "கஸ்தூரி, உங்கப்பா வாயவே தெறக்க மாட்டேங்கிறாரு. மருந்துக்காரத் தம்பி வந்தாத்தானாம்!"

கஸ்தூரி திரும்பி அவனை முழுதாகப் பார்த்தாள். மழைக்கு அந்தப் பக்கம், லம்பாக் மலை மேல் மேகம் கலைந்துகொண்டிருந்தது.

"குடை இருக்கா, ரூபன்?"

"இருக்கு. வேலை நேரமும் முடிஞ்சுது."

"அப்ப வாங்க, போலாம். கோப்பி ஆறி, கெட்டியாகக் கொஞ்ச நேரம் ஆகும்... அது வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கலாம்."

அன்று வியாழக்கிழமை.